கொடியில் காயும் கவர்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். இந்த ஆண்டு வீட்டில் பிளாஸ்டிக்கே இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தேன். மூங்கில் பிரஷ், துணிப்பை ஆறு, கண்ணாடி ஜாடி ஒரு வரிசை என்று வாங்கியாயிற்று. சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். குப்பை வண்டி வந்ததும் போட்டுவிடுவேன்.

தகராறு அத்தையோடுதான். என் மாமியாரைச் சொல்கிறேன். பால் கவர், மாவு கவர் எல்லாவற்றையும் கழுவிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுகிறார். காய்ந்ததை மடித்து மெத்தைக்கு அடியில் சேர்க்கிறார். கிழிந்து போனதை வெந்நீர் அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொள்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் எனக்கு மானம் போகிறது. ஏதாவது சொன்னால், "காசு கொடுத்து வாங்கிய டப்பாவைத் தூக்கிப் போடுகிறவள் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள்" என்கிறார். என் கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெயர் போடாதீர்கள். அத்தையும் உங்களைப் படிக்கிறவர்.

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த அட்டைப்பெட்டியை அவிழ்த்துவிடுங்கள். வழக்கில் முக்கால் பங்கு நியாயம் அத்தையிடம் இருக்கிறது. அவரும் படிப்பார் என்று பயந்து சொல்லவில்லை. மீதிக் கால் பங்கு வெந்நீர் அடுப்பு விவகாரம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டப்பாக்கள் ஏற்கெனவே செய்து முடித்த பொருட்கள். உங்கள் வீட்டைவிட்டுப் போனால் அவை ஒழிந்துபோவதில்லை, ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குக் குடிபோகும், அவ்வளவுதான். அங்கே தீப்பிடித்தால் வரும் புகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடுகும் உளுந்தும் அந்த டப்பாக்களிலேயே இருக்கட்டும். சூடானது, எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது, புளிப்பானது, இந்த மூன்றை மட்டும் பிளாஸ்டிக்கில் வைக்காதீர்கள். சூடும் கொழுப்பும் பட்டால் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் வேதிப்பொருட்கள் உணவில் இறங்குவது கூடும். வாங்கிய கண்ணாடி ஜாடிகளை ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு துணிப்பைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்று நெய்யவும் சாயம் போடவும் மின்சாரம் வேண்டும். 2011-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. ஒரு தடவை வாங்கி எறிகிற மெல்லிய கேரி பேக்கோடு ஒப்பிட்டால், பருவநிலைக்குச் செய்கிற கெடுதலில் சமமாவதற்கே ஒரு பருத்திப் பையை 131 தடவை தூக்க வேண்டும். உங்கள் ஆறு பைக்கு 786 தடவை ஆகிறது. வாரம் இரண்டு நாள் கடைக்குப் போனால் ஏழு வருடம் தாண்டும். இந்தக் கடன் இல்லாத பை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அத்தையின் பழைய நூல் புடவையிலும் மாமாவின் நைந்த வேட்டியிலும் தைத்துக்கொள்ளலாம்.

ஜவுளிக்கடையில் "துணிப்பை" என்று கொடுக்கிறார்களே, வழுவழுவென்று, குத்துக்குத்தாகப் புள்ளி அழுத்தினாற்போல, அதையும் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. அது நெய்த துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று. என் வீட்டு மொட்டைமாடியில் ஒன்று வெயிலில் கிடந்தது. சில மாதம் கழித்து எடுத்தபோது கையோடு மாவாக உதிர்ந்தது. கையைத் தட்டிவிட்டேன். எங்கே போயிருக்கும் அந்தத் தூள்?

அதே தடை ஆணையில் பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே பால் கவர் நாளைக்கும் உங்கள் வீட்டுக்கு வரும். கழுவிக் காய்ந்த பால் கவரைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு எடுத்துக்கொள்வார்கள். மோர் நாற்றத்தோடு, சாம்பார்க் குழம்பில் புரண்ட கவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மறுசுழற்சி என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது உங்கள் அத்தையின் கொடியில்தான் தொடங்குகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கவரை வெட்டும்போது மூலையை முழுவதும் துண்டாக்காதீர்கள், கவரோடு தொங்கட்டும். நகத்தளவு முக்கோணங்கள் சாக்கடை வழியே வாய்க்காலுக்கும் தாமிரபரணிக்கும் போகின்றன. யாராலும் பொறுக்க முடியாது.

ஷாம்பு பாக்கெட்டுகளுக்கு அந்தக் கதியும் இல்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க இரும்புக் கடைக்காரரால் ஆகாது. அதைச் சரம் சரமாக வாங்குவதை நிறுத்துங்கள்.

என் ஆச்சி செக்கு எண்ணெய்க்குத் தூக்குவாளி எடுத்துப் போவார். கருப்பட்டி ஓலைக் கொட்டானில் வரும், பதநீரைப் பனையோலைப் பட்டையில் குடித்தோம், அல்வா வாழையிலையில் வரும். இதையெல்லாம் சொல்லி ஏங்குகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வெயிலில் தூக்குவாளியோடு நடந்தது ஆச்சிதான். தாத்தா நடக்கவில்லை. பிளாஸ்டிக் கவர் வந்தபோது பெண்கள் அதை ஏன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால், இரண்டு பக்கமும் தலையாட்டுகிறாரே ஒருவர், தூக்குவாளி வேலையை அவரிடம் கொடுங்கள்.

அவருக்கு என் அனுபவம் உதவும். போன வருடம் வீம்பாக மூன்று அடுக்குத் தூக்குவாளியோடு ஓர் ஓட்டலுக்கு இட்லி வாங்கப் போனேன். பார்சல் கட்டும் தம்பி என்னை மரியாதையாக உட்காரச் சொன்னார். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த சாம்பார் கவர் இரண்டு, சட்னி கவர் இரண்டு எடுத்தார். நான்கையும் பதவிசாகத் தூக்குவாளிக்குள் வைத்து மூடிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கேட்டதற்கு, "அளவு பிசகக் கூடாது ஐயா. எட்டு மணிக் கூட்டத்தில் கரண்டி போட்டு அளக்க நேரம் ஏது? ஆறரைக்கு வாருங்கள், அப்போது நாங்கள் கவர் கட்ட ஆரம்பித்திருக்க மாட்டோம்" என்றார். இப்போது ஆறரைக்குப் போகிறேன். அடுக்கிலேயே ஊற்றித் தருகிறார், ஒரு கரண்டி கூடவே. வீட்டுக்கு வந்து இட்லியைச் சுடவைக்க வேண்டியிருக்கிறது, அதை மறைக்கவில்லை.

இனி அந்த வெந்நீர் அடுப்பு. அத்தை, இது உங்களுக்கு. பால் கவர் எரிந்தால் கரியும் புகையும்தான் என்று நினைக்கலாம். அடுப்புக்கு முன்னால் குனிந்து அதை மூச்சில் வாங்குகிறவர் நீங்கள். கைக்கு வந்ததில் ஏதாவது ஒன்று பி.வி.சி.யாக இருந்துவிட்டால் டையாக்சின் என்ற நஞ்சும் சேர்ந்து வரும். எது எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்துப் பார்த்தா அடுப்பில் போட முடியும்? பற்றவைக்கக் காய்ந்த பன்னாடையும் தென்னம்பாளையும் போதும். கிழிந்த கவரையும் மெத்தைக்கடியிலேயே சேருங்கள், எடைக்குப் போகும்.

தங்கைக்கு இன்னொன்று. அட்டைப்பெட்டியை இன்றைக்கே அவிழ்ப்பது நல்லது. கடுகு டப்பாவை அத்தை தேடிக்கொண்டிருப்பார்.