நெல் உமியிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு ஆனோடு செய்ய முடியுமா?

மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலைகளில் குவியும் உமியில் சிலிக்கான் இருக்கிறதாமே, பேட்டரிக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். 2013-லேயே ஆய்வகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் ஆலை பாய்லர் சாம்பலை அப்படியே அள்ளிக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது.

பேட்டரியை சார்ஜ் செய்யும்போது லித்தியம் போய்த் தங்கும் எதிர்முனைதான் ஆனோடு. அதில் இப்போது பெரும்பாலும் கிராஃபைட். கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தாங்கும். சிலிக்கான் சுமார் 3,600. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லித்தியம் ஏற ஏற சிலிக்கானின் பருமன் மூன்று, நான்கு மடங்காக ஊதும், இறங்கும்போது சுருங்கும். கோடை வயல் மாதிரி துகள் வெடிக்கும். வெடிப்பில் தெரியும் புதுப்பரப்பு மின்பகுளியை (பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் நகரும் திரவத்தை) தொட்டதும் அங்கே ஒரு படலம் படியும். அது லித்தியத்தைத் தின்றுவிடும். பேட்டரி சீக்கிரம் சாவது இதனால்தான்.

துகள் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் அவ்வளவாக உடையாது. உமிக்கு மவுசு அங்கேதான்: பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சிய சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) அதில் நானோ அளவிலேயே படிந்திருக்கிறது. உமியை அமிலத்தில் அலசிப் பொட்டாசியத்தை நீக்கி, 700 டிகிரி அளவில் எரித்து, கிடைக்கும் வெள்ளைச் சாம்பலை மெக்னீசியத்தோடு சூடாக்கினால், அது ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, சிலிக்கான் வரும். பாய்லரில் பொட்டாசியமும் இருக்கும், சூடும் எகிறும். துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

சரி, எவ்வளவு தேறும்? 100 கிலோ நெல்லுக்கு உமி 20 கிலோ, சாம்பல் 4 கிலோ, சிலிக்கான் கூடிப்போனால் ஒன்றரை கிலோ. மெக்னீசியம் செலவு வேறு. இன்றைய செல்களில் கிராஃபைட்டோடு சில சதவீதம் சிலிக்கான் சரக்கு கலப்பதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள், அதுவும் கரிப்பூச்சு போட்டு.