பூக்கூடை எந்தப் பக்கம்?

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை, நகர வடிவமைப்பு படிக்க ஆசைப்படும் மகளையும் அழைத்துக்கொண்டு, மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கக் காட்பாடியிலிருந்து வந்திருந்தீர்கள். அரை மணி நேரத்தில் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டீர்கள். "ஊரை வடிவமைப்பது ஒரு வேலையா? அதற்குச் சம்பளம் யார் கொடுப்பார்கள்?" வெளியே இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்ததால் உங்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் தன் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள், கவனித்தீர்களா? அவள் பள்ளி இருக்கும் தெருவை அதில் வரைந்திருந்தாள். வீடுகள் வெறும் கட்டங்கள்தான், அழகான படம் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருவோரத்தில் ஒரு சிறு வட்டம் மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு நேரம். அது பூக்காரம்மாவின் கூடை. காலையில் கிழக்கு ஓரம், ஏனென்றால் அந்தப் பக்கத்துச் சுவரின் நிழல் அப்போது அங்கே விழுகிறது. பிற்பகலில் மேற்கு ஓரம். நான்கு மணிக்குப் பள்ளி வேன்கள் வந்து அந்த நிழலில் நின்றுவிடுவதால் கூடை வெயிலுக்கு வந்துவிடுகிறது. "வாங்குகிறவர்களும் வெயிலில் நிற்க மாட்டார்கள் இல்லையா சார், அதனால் அவருக்குச் சாயங்கால வியாபாரம் குறைகிறது. வேன் நிற்க வேறு இடம் இருக்கிறது, யாரும் யோசிக்கவில்லை" என்றாள்.

அம்மா, நகர வடிவமைப்பாளர் செய்யும் வேலை இதுதான். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் ஒரு தெருவில் நிழல் எங்கே விழுகிறது, அதில் யார் நிற்கிறார்கள், யார் தள்ளப்படுகிறார்கள் என்று பார்ப்பது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பதினேழு வயதில் அவள் அதைச் செய்திருக்கிறாள்.

இந்தத் துறை உங்களுக்கு முற்றிலும் புதிதும் அல்ல. மனை விளம்பரங்களில் 'டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்றது' என்று பார்த்திருப்பீர்கள். அது நகர் ஊரமைப்பு இயக்ககம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் எந்த நிலத்தில் வீடு வரலாம், எங்கே தொழிற்சாலை வரலாம், சாலை எவ்வளவு அகலம் என்று வகுக்கும் வேலை அங்கே நடக்கிறது. ஒரு நகரம் முழுவதற்கும் அப்படி வகுத்து வைப்பதை முழுமைத் திட்டம் என்கிறார்கள், பேச்சில் மாஸ்டர் பிளான். அதை எழுதுபவர் நகரத் திட்டமிடுநர். தனிக் கட்டடத்தை வரைபவர் ஆர்க்கிடெக்ட். இரண்டுக்கும் நடுவே, தெருவும் கட்டடமும் மரமும் தண்ணீரும் மனிதர்களும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று பார்ப்பவர்தான் நகர வடிவமைப்பாளர்.

ஒரு மலையடிவாரத்தில் 40 ஏக்கர் நிலம், அதில் ஒரு குடியிருப்பு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக என்ன நடக்கும்? நிலத்தைச் சமப்படுத்தி, கோடு போட்டு, எத்தனை மனை தேறும் என்று எண்ணுவார்கள். நல்ல வடிவமைப்பாளர் முதலில் மேடு பள்ளத்தைப் பார்ப்பார். மழைத் தண்ணீர் மலையிலிருந்து எந்த வழியாக இறங்கி எந்த ஏரிக்குப் போகிறது? அந்த வழியை விட்டுவிட்டுத்தான் தெரு. பிறகு நடை தூரம்: கடையும் பஸ் நிறுத்தமும் பால்வாடியும் ஐந்து நிமிட நடையில், ஏறத்தாழ 400 மீட்டருக்குள் இருக்கிறதா? பிறகு காற்று வரும் திசை, தெருவின் அகலம், மரம். மனை எண்ணிக்கை கடைசியில்தான்.

தமிழ்நாட்டு விதிப்படி பெரிய மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். எத்தனையோ மனைப்பிரிவுகளில் அந்த இடம் விற்க முடியாத ஒரு முக்கோண மூலையாக, முட்செடி மண்டிக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை. அதே பத்து விழுக்காட்டைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், வீடுகள் பார்த்திருக்கும் நடுவிடத்தில் வைத்தால் அது குழந்தைகள் விளையாடும் இடமாகவும் கிணறுகளுக்கு ஊற்றாகவும் ஆகும். செலவு ஒன்றுதான், வித்தியாசம் யோசித்தவரால் வருகிறது. நான் இந்தத் துறையை இவ்வளவு மதிப்பதற்கு இதுவே காரணம்.

இந்தூரில் ஆரண்யா என்ற குடியிருப்பை 1980-களில் பாலகிருஷ்ண தோஷி என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள், பெரும்பாலும் ஏழைகளுக்கு. மிக ஏழைக் குடும்பங்களுக்கு முழு வீடு கட்டித் தரவில்லை. அடித்தளமும் கழிப்பறையும் தண்ணீர் இணைப்பும் தந்து, கையில் காசு சேரச் சேர அறை அறையாகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். வசதியானவர்களின் மனைகளும் அதே குடியிருப்பில்தான். அதற்கு 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. 2018-இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் தோஷிக்கு வந்தது. உங்கள் மகளுக்கு இதைச் சொன்னபோது முகம் எப்படி மலர்ந்தது என்று நீங்கள் பார்த்தீர்கள்.

'நிலையான வளர்ச்சி' என்று நான் சொன்னபோது அது ஏதோ வெளிநாட்டுச் சொல்போல உங்களுக்குப் பட்டது. வரும் தலைமுறைக்கு வேண்டிய தண்ணீரையும் நிலத்தையும் கெடுக்காமல் இன்று வளர்வது, அவ்வளவுதான். நம் பாலாற்றுக்கும் அந்தச் சொல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, நிலையான வளர்ச்சியும், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் பாடமாகப் படிக்கிறார்கள். வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. வறண்ட மணலாகவே பாலாற்றைப் பார்த்துப் பழகிய நாம் 2021 நவம்பரில் அது கரைபுரண்டதையும் பார்த்தோம். தொழிலும் ஆறும் வீடும் எங்கெங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே யோசிக்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன்.

மத்திய அரசுக்குக் கொள்கை ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர்கள் தேவை என்கிறது. ஒப்புதல் பெற்ற இடங்களோ 4,000-க்கும் குறைவு, அதிலும் பாதி காலி. நாட்டின் நகரக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தேவை இருப்பதும் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டுக்கும் மேல் நகரங்களில் வாழ்ந்தார்கள். இந்த வேலை குறையப் போவதில்லை.

அரசில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் போன்ற பதவிகள் உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உண்டு. தனியாரில் திட்ட ஆலோசனை நிறுவனங்கள், பெரிய கட்டுமான நிறுவனங்கள். பசுமைக் குடியிருப்புகளுக்குத் தரச் சான்று தரும் முறைகள் இந்தியாவில் வந்துவிட்டதால் அதைத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். நடைபாதை, பஸ், சைக்கிள் பாதை ஆகியவற்றில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களும் சென்னையில் இருக்கின்றன. முதல் நான்கைந்து ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். ஐ.டி.க்குப் போகும் சித்தப்பா மகன் இவளைவிட அதிகம் வாங்குவான், பொங்கலுக்குக் கூடும்போது உறவுக்காரர்கள் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அந்த நாளில் நீங்கள் மகள் பக்கம் நிற்பீர்களா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். படிப்பைவிட அது முக்கியம்.

இப்போது உண்மையான முடிவு. மருத்துவமா இதுவா என்பதல்ல உங்கள் முன் இருக்கும் கேள்வி. மருத்துவம் வேண்டாம் என்று அவள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்.கா, திட்டமிடல் படிப்பான பி.பிளானா என்பதுதான் கேள்வி. இதில் தவறினால் பின்னால் திரும்புவது கடினம்.

பி.பிளான் நான்கு ஆண்டு. கணக்கு, புள்ளிவிவரம், போக்குவரத்து, நிலப் பயன்பாடு, சட்டம், மக்களிடம் ஆய்வு. பி.ஆர்க். ஐந்து ஆண்டு. வரைதல், மாதிரி செய்தல், கட்டடம், கட்டுமானம், இரவு விழிப்பு. நகர வடிவமைப்பு என்பது அநேகமாக முதுகலையில்தான் வருகிறது, எம்.ஆர்க். இரண்டு ஆண்டு. அதற்குப் பெரும்பாலான இடங்களில் பி.ஆர்க். கேட்கிறார்கள். பி.பிளான் முடித்தவர்களும் சிவில் என்ஜினீயரிங் முடித்தவர்களும் எம்.பிளான் செய்யலாம், அது திட்டமிடுநர் பாதை. மேலும், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ள முடியும். அதற்கு பி.ஆர்க். வேண்டும்.

உங்கள் மகளின் நோட்டைப் பார்த்தபிறகு நான் பி.ஆர்க். பக்கம் சாய்கிறேன். அவள் எண்ணிக்கையைவிட இடத்தைப் பார்க்கிறாள். நிழலின் வடிவம் அவளுக்குத் தெரிகிறது. நாளை அவள் எண்களோடு வந்து, 'இந்தத் தெருவில் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேர் நடக்கிறார்கள், இத்தனை பேர் வண்டியில் போகிறார்கள்' என்று சொல்வாளானால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

நுழைவுத் தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக. பி.ஆர்க்.குக்குக் கவுன்சில் நடத்தும் நாட்டா தேர்வு, 200 மதிப்பெண். அதையும் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு நடக்கிறது. திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடா திட்டமிடல் - கட்டடக்கலைப் பள்ளிகளுக்கு ஜே.இ.இ. மெயின் இரண்டாம் தாள். அதில் பி.ஆர்க்.குக்கு ஒரு பிரிவு, பி.பிளானுக்கு ஒரு பிரிவு. இரண்டுக்கும் கணக்கு வேண்டும், அவள் எடுத்திருக்கும் பாடப்பிரிவு போதும். கல்லூரியில் பணம் கட்டுமுன் கட்டடக்கலைக் கவுன்சிலின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இடைத்தரகர் பேச்சை நம்ப வேண்டாம். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் இதே ஆசையோடு வந்தான். 'முதலில் சிவில் படி, அப்புறம் பார்க்கலாம்' என்று நானே சொல்லி அனுப்பினேன். அவனுடைய அப்பாவின் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. சிவில் முடித்து, பிடிக்காத வேலையில் ஆறு ஆண்டு இருந்து, அதன் பிறகு எம்.பிளான் சேர்ந்தான். இன்று நன்றாக இருக்கிறான், என்னிடம் வருத்தமும் இல்லை. அந்த ஆறு ஆண்டு என்னால் போனது என்ற எண்ணம் எனக்கு இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதே வார்த்தையைச் சொல்ல மாட்டேன்.

தேர்வுக்குத் தயாராவதோடு இப்போதே அவள் செய்யக்கூடியது நிறைய. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், பள்ளிக் கணினியிலேயே கற்கலாம். அதைவிட முக்கியம் நடப்பது. 1914-இல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்துக்கு வந்தார், அடிப்படையில் உயிரியல் அறிஞர். நகரத் திட்டமிடல் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருட்கள் வந்த கப்பலை ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்துவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை, வேறு பொருட்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தினார், தஞ்சாவூர், மதுரை என்று ஊர் ஊராகச் சந்துகளில் நடந்து அறிக்கை எழுதினார். அகலச் சாலைக்காக நெருக்கமான வீடுகளை மொத்தமாக இடிக்க வேண்டாம், பாழடைந்த ஒன்றிரண்டை மட்டும் எடுத்து அந்த இடத்தில் மரமும் வெளியும் விடுங்கள் என்பது அவர் வழி. நடந்து பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வேலூரில் நடக்க இடமா இல்லை? சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகள் காந்தி ரோடு லாட்ஜிலிருந்து மருத்துவமனைக்கு நடக்கிறார்கள். கட்டுப்போட்ட காலோடு நடக்கும் ஒருவருக்கு வழியில் எத்தனை இடத்தில் உட்கார வேண்டியிருக்கும், உட்கார என்ன இருக்கிறது? இதை ஒரு நாள் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கோட்டை அகழியைச் சுற்றி மாலையில் யார் யார் வருகிறார்கள், பெண்கள் எத்தனை மணி வரை இருக்கிறார்கள் என்று இன்னொரு நாள்.

அடுத்த மழைக்கு மறுநாள் காலை, நீங்களும் கூடப் போங்கள். நிக்கல்சன் கால்வாயை ஒட்டி, அவள் கால் வலிக்கும் வரை நடக்கட்டும். தண்ணீர் எந்த வீட்டு வாசல் வரை ஏறி நின்றது என்று அந்த வீட்டுக்காரர்களையே கேட்டு, சுவரில் உள்ள ஈரக் கோட்டை நோட்டில் குறிக்கட்டும். உங்களுக்கும் ஒரு வேலை உண்டு, அம்மா: அந்த வீட்டுப் பெண்களிடம் நீங்கள் பேச்சுக் கொடுங்கள், அவளைவிட உங்களிடம்தான் அதிகம் சொல்வார்கள். அந்த நோட்டோடு வாருங்கள். அடுத்த முறை உங்களுக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்கி வைக்கிறேன், அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள்.