கீமோ வேலை செய்கிறதா? ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்டவை

டொக்டர், அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கீமோ ஏற்றியபின் எடுத்த சி.டி. ஸ்கேனில் "இரைப்பைச் சுவர் தடித்துள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து பிடிக்கவில்லையா? (ஹட்டன்)

அந்த ஒரு வரியை வைத்து மனதைத் தளர விடாதீர்கள். இரைப்பை சுருங்கிக் கிடந்தால் நல்ல சுவர்கூடத் தடிப்பாகத் தெரியும். கட்டி கரைந்த இடத்தில் மிஞ்சும் தழும்பும் அப்படித்தான். அதனால் கட்டிகள் சுருங்கினவா வளர்ந்தனவா என்று அளந்து கணக்கிடும், 2009இல் வந்த ரெசிஸ்ட் 1.1 முறைப்படி பார்க்கும்போது, பெரும்பாலும் சுவரை விட்டுவிட்டு ஈரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் உள்ளவற்றையே அளக்கிறார்கள். அளவுகளின் கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் மருந்துக்கு நோய் இணங்குகிறது. இருந்ததிலேயே குறைந்த அளவிலிருந்து 20 சதவீதமும், அத்துடன் 5 மில்லிமீற்றராவதும் கூடினால், அல்லது புதிதாக ஒன்று தோன்றினால், நோய் முன்னேறுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்றால் 'நிலையாக உள்ளது' என்பார்கள். அதைத் தோல்வி என்று எடுக்க வேண்டாம். அம்மா இப்போது எவ்வளவு சாப்பிடுகிறார், எடை என்ன என்பதையும் கிளினிக்கில் மறக்காமல் சொல்லுங்கள்.

சி.டி. ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லிவிட்டு, அங்கே தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்களே? (தலவாக்கலை)

சாப்பாடு உள்ளே இருந்தால் படத்தில் கட்டி மாதிரித் தெரியலாம். தண்ணீர் இரைப்பையை விரித்து, சுவரைத் தெளிவாகக் காட்டும். விடியற்காலை பஸ் ஏறும்முன் ஒரு பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்! சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவரா, சிறுநீரகக் கோளாறு உள்ளவரா? படம் தெளிவாகத் தெரிவதற்கான நிறமருந்தை ஏற்றுமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.

பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமாமே? நகையை அடகு வைத்தாவது கொழும்புக்குக் கூட்டிப்போகலாமா? (பண்டாரவளை)

டொக்டர் கேட்காமல் வேண்டாம் என்பேன். அந்த ஸ்கேன், குளுக்கோஸை உறிஞ்சும் இடங்களைக் காட்டுவது. இரைப்பையில் வரும் சிலவகைப் புற்றுக்கள், குறிப்பாக மோதிர வடிவ உயிரணு வகை, அதை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. படத்தில் ஒளிராததால் நோய் போய்விட்டது என்றாகாது. கீமோவுக்கு முன் ஒரு பெட் ஸ்கேன் எடுக்கவில்லை என்றால், இப்போது எடுப்பதை எதோடு ஒப்பிடுவது?

ஸ்கேனில் பரவல் இல்லை. பிறகேன் வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா விடுகிறார்கள்? (நுவரெலியா)

வயிற்றறைச் சவ்வில் படியும் சில மில்லிமீற்றர் அளவான புள்ளிகள் சி.டி.யில் தப்பிவிடும். கமராவில் அவற்றை நேரில் பார்க்கலாம்.

பதுளையில் எடுத்த முதல் ஸ்கேனைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டுமா?

கட்டாயம். அறிக்கைக் கடதாசி மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த சீடித் தட்டும் வேண்டும். முன்பு அளந்த அதே கட்டிகளைப் பக்கத்தில் வைத்து மறுபடி அளந்தால்தான் கணக்குச் சரிவரும்.