காட்டுத் தீயிலிருந்து வீட்டையும் குடும்பத்தையும் காப்பது எப்படி? சுற்றியுள்ள மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டுமா?

எல்லா மரங்களையும் வெட்ட வேண்டியதில்லை. நானும் காட்டோரம் குடியிருப்பவன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோடரியை எடுப்பதற்கு முன், சுவரையொட்டி என்னென்ன கிடக்கின்றன என்று வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

கொழுந்துவிட்டு வரும் தீ அப்படியே வீட்டை விழுங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகள் எரிவது அப்படியல்ல. காற்றில் பறந்து வரும் கங்குகள்தான் எமன். தீ தொலைவில் இருக்கும்போதே அவை மழைபோலப் பொழியும். கூரையோரத்தில் அடைந்த சருகு, வாசலில் கிடக்கும் தென்னைநார் மிதியடி, சுவரில் சாய்த்த விறகு என ஏதாவது ஒன்றில் ஒரு கங்கு தங்கினால் போதும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். அங்கே வீடுகள் சாம்பலாகிக் கிடக்க, பக்கத்திலேயே பல மரங்கள் பச்சையாக நின்றன.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கனடாவில் காட்டையே கொளுத்திச் செய்த சோதனைகளில், மர உச்சிவரை எரிந்த தீயிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்திய மரச்சுவர்கள் சில பற்றிக்கொண்டன; 30 மீட்டரில் நிறுத்தியவை பற்றவில்லை. ஆகவே உங்கள் கவனம் முதலில் வீட்டின் மீதும், அதைச் சுற்றிய 30 மீட்டர் மீதும் இருக்கட்டும்.

அதிலும் சுவரை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் இருக்கவே கூடாது என்பேன். செடி, மரத்தூள், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வெளியேறட்டும். சரளைக்கல்லோ சிமென்ட்டோ போதும். வீட்டைத் தொடும் மரவேலி திரிபோலத் தீயை நேரே சுவருக்குக் கொண்டுவந்துவிடும். கடைசிப் பகுதியையாவது இரும்பாக மாற்றுங்கள். கூரைக்கடியில் உள்ள காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை அடியுங்கள். செலவு குறைவு, பலனோ மிகப் பெரிது. அந்த ஒன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ள மரங்களில் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, கூரைமேல் சாய்ந்தவற்றை நீக்கி, புல்லைக் குட்டையாக வைத்தால் போதும். வீடு சரிவின் மேலே இருந்தால் இந்த இடைவெளியை இன்னும் கூட்டுங்கள். மேட்டை நோக்கித் தீ வேகமாக ஏறும்.

குடும்பத்தைப் பொறுத்தவரை நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: சீக்கிரம் கிளம்புங்கள். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேரின் உயிரைத் தீ பறித்தது. அவர்களில் பலர் வீடுகளிலேயே இறந்தார்கள். முதியவர், கைக்குழந்தை, ஆடு மாடு உள்ள வீடு அதிகாரிகளின் உத்தரவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. வெளியேறும் இரண்டு வழிகளைப் பகலில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மருந்து, ஆவணங்கள், என்95 முகமூடி, தண்ணீர் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். உடுத்துவது முழுக்கைப் பருத்தி ஆடை. நைலான் உருகித் தோலில் ஒட்டும். வாகனத்தைச் சாலையைப் பார்த்து நிறுத்துங்கள். மின்சாரத்தில் திறக்கும் கதவு இருந்தால், அதைக் கையால் திறக்க வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

கிளம்பும்போது சன்னல்களையும் கதவுகளையும் மூடி, எரிவாயுவை அடைத்து, திரைச்சீலைகளைக் கழற்றிவிடுங்கள். கூரையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள். தீயணைப்பு வீரர்களுக்குக் குழாயில் அழுத்தம் குறைந்துவிடும்.

அனுமதி கிடைத்துத் திரும்பியதும் பரண், கூரையோரம், திண்ணைக்கடியில் எல்லாம் பாருங்கள். தீ கடந்துபோய்ப் பல மணி நேரம் கழித்தும் ஒளிந்திருந்த கங்கிலிருந்து வீடுகள் பற்றியிருக்கின்றன. சாம்பலை நனைத்த பிறகே அள்ளுங்கள். குழந்தைகளை அதன் பக்கம் விடாதீர்கள்.