நாற்பதுக்கு இன்னும் பதினொரு நாள்

கேள்வி: என் மகள் பிறந்து 29 நாட்கள். நாற்பதாம் நாளுக்குள், வழமையாக அதைச் செய்யும் ஒஸ்தா மாமியை வரவழைத்துக் கத்னா (பெண் குறியில் வெட்டும் சடங்கு) செய்துவிட வேண்டும் என்கிறார் உம்மம்மா. எனக்கு மனமில்லை. கணவர், அது பெண்கள் விஷயம் என்று ஒதுங்கிவிட்டார். மறுத்தால் வளவில் (சொந்தக்காரர்கள் சேர்ந்து வாழும் வீட்டுத்தொகுதியில்) எல்லோரும் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது. டொக்டரிடம் கொண்டுபோய்ச் சுத்தமாகச் செய்தால் சரியா?
- வாசகி, கிண்ணியா

பதில்: சரியில்லை, மகள். அந்த இடத்தில்தான் நானும் இடறினேன். 1987இல் என் மூத்த மகளுக்கு நாற்பது வந்தபோது நான் மருத்துவமாது. கிருமி தொற்றக் கூடாது என்று பிளேட்டை நானே கொதிநீரில் போட்டெடுத்து ஒஸ்தா மாமியின் கையில் கொடுத்தேன். காயம் ஆறிவிட்டது. ஆனால் இருபத்தாறு வயதில் அவள், ‘ஏன் உம்மா செய்தீர்கள்?’ என்று கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. எவ்வளவு சுத்தமான பிளேட் என்றாலும் உணர்வுள்ள இடத்தைத்தான் அது வெட்டுகிறது. இதனால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று நம் இலங்கைச் சுகாதார அமைச்சும் 2018இல் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

உம்மம்மா மார்க்கம் என்பார். கடமை என்று சொல்லும் உலமாக்கள் நம் நாட்டில் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் குர்ஆனில் இதுபற்றி ஒரு வசனமும் இல்லை. எகிப்தின் அல்-அஸ்ஹர் அறிஞர் பேரவையே 2007இல், இதற்கு ஷரீஅத்தில் அடிப்படை இல்லை என்று அறிவித்தது. இதை உங்கள் கணவர் வாசிக்கட்டும். வாப்பாவுக்கும் பொறுப்பு உண்டு.

இனி வளவு. 1997இல் செனகல் நாட்டின் மலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் இந்த வழக்கத்தை விடுவதாக ஊரறியச் சொன்னார்கள். தெம்பா ஜாவாரா என்ற இமாம், ஓர் ஊர் மட்டும் விட்டால் நிலைக்காது, பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர வேண்டும் என்று கண்டு, ஊர் ஊராக நடந்து போய்ப் பேசினார். அடுத்த ஆண்டே 13 ஊர்கள் ஒன்றாக அறிவித்தன.

நமக்கு அவ்வளவு நடையும் தேவையில்லை. நம் கிழக்கு மாகாணத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். உங்கள் வளவில் இருப்பவர்கள் தாய்வழிப் பெண்கள். அடுத்துப் பிள்ளை பெறப்போவது யார், தங்கச்சியா, சாச்சி மகளா? இன்றே அவளிடம் பேசுங்கள். தனியாக மறுத்தால் உங்களை அடங்காதவள் என்பார்கள். அவளையும் சேர்த்துக்கொண்டு உம்மம்மா முன் உட்காருங்கள். ஒஸ்தா மாமியையும் மறக்காதீர்கள், அது அவருடைய பிழைப்பு. சேலையும் பணமும் கொடுங்கள்; பிள்ளையைக் குளிப்பாட்டித் துஆச் செய்துவிட்டுப் போகட்டும்.

உம்மம்மா அப்போதும் இணங்காவிட்டால் ஆசிரியருக்கு எழுதுங்கள். கிண்ணியாப் பாலம் தாண்டி நானே வருகிறேன். என் மூத்த மகளும் கூட வருவதாகச் சொல்கிறாள்.