கூடைப்பந்தில் சும்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாலே ஃபவுல் கொடுக்கிறார்களே, பர்சனல் ஃபவுல் என்றால் என்னதான்?

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் யாரோ அஞ்சு ஃபவுல் வாங்கிப் பாதி மேட்சில் வெளியே வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. நானும் அப்படி வந்தவன்தான். 2004, பாளையங்கோட்டை, கடைசிக் குவார்ட்டரில் நாலு நிமிஷம் பாக்கி. டேபிளில் நம்பர் பலகை இல்லாததால் பரீட்சை அட்டையில் வெள்ளைத்தாளை மாட்டி, சிவப்பு ஸ்கெட்சில் 5 என்று எழுதித் தூக்கிக் காட்டினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் முழுப்பேரும் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். விதிக்கு மாறாக எதிராளிமேல் கையோ உடம்போ படுவதுதான் பர்சனல் ஃபவுல். நீங்கள் நிற்கிற இடமும் அதற்கு நேர் மேலே உள்ள காற்றும் உங்களுடையது. கையைச் செங்குத்தாகத் தூக்கினால், எதிராளி தானாக வந்து மோதினாலும் உங்கள்மேல் தப்பில்லை. கை முன்னால் சாய்ந்து அவன்மேல் பட்டால் ஃபவுல், நீங்கள் அடித்தீர்களா, சும்மா நின்றீர்களா என்பதெல்லாம் கணக்கில்லை. பந்து போடுகிறவனை அடித்து, பந்தும் விழுந்துவிட்டால் பாயிண்ட்டோடு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று கூடைக்கு எறிவது. விழாவிட்டால் 2, மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டிருந்தால் 3. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆறு ஃபவுல் ஆச்சே என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும், அங்கே ஆட்டம் 48 நிமிஷம். நம் பக்கம் ஆடுவது ஃபிபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துச் சங்கத்தின் விதி, 40 நிமிஷம், அஞ்சு ஃபவுல் வாங்கினால் வெளியே.

என் அஞ்சாவது ஃபவுல் இந்தச் சாய்ந்த கைதான். பத்து வருஷம் அந்த ரெஃப்ரியைத் திட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னப் பையன்கள் ஆட்டத்துக்கு நானே விசில் பிடித்தபோது, முக்கூடல் பையன் ஒருத்தன் கையைத் தூக்குகிறேன் என்று லேஅப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது) போடுகிறவன் தோள்மேல் கவிழ்ந்தான். ஊதினேன். "கையத் தூக்கிட்டு சும்மாதான நின்னேன் அண்ணாச்சி?" என்றான். வாயே திறக்கவில்லை நான்.

ஆனால் நாலாவது ஃபவுல் தப்புதான், அதில் மாற்றமில்லை. அவன் குதிக்கும் முன்னாலேயே நான் அவனைப் பார்த்து இரண்டு காலையும் ஊன்றி நின்றாயிற்று, அவன் ஓடிவந்து நேராக என் நெஞ்சில் மோதினான். அது அவன் ஃபவுல், பந்து எங்களுக்கு வந்திருக்க வேண்டும். தோற்ற கடுப்பில் பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அது கிடக்கட்டும், கோர்ட்டாவது இருந்ததே அன்றைக்கு. நான் படித்த பள்ளியில் இப்போது ரிங்குக்கு நேர் கீழே ஸ்கூல் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். ஃப்ரீ த்ரோ கோடு வரைக்கும் ஆயில் ஒழுகிக் கிடக்கிறது. கேட்டதற்கு, "இப்ப யாரு சார் விளையாடுதா?" என்றார் ஆபீஸில் இருந்தவர். பஸ்ஸை எடுத்தால்தானே சார் விளையாட வருவான்?