45 வயசுல வேலையை விடலாமா? லைட்டை அணைச்சு சேர்த்தா போதுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, ஆபீஸ் வேலை. 45-ல வேலையை விட்டுடணும்னு முடிவு பண்ணிட்டேன். ராத்திரி சாப்பிட்டதும் மூணு மணி நேரம் சைடு வேலை பாக்குறேன், ரெண்டு சின்னக் கடைங்களுக்கு கணக்கு எழுதித் தர்றேன், கொஞ்சம் டேட்டா என்ட்ரி, கொஞ்சம் ஆன்லைன் சர்வே. வரி போக கைக்கு வர்ற மொத்த வருமானம் 100-ன்னு வெச்சுக்கிட்டா அதுல 12 இந்த சைடு வேலைல வருது. 25 சேமிக்கிறேன். மூணு வருஷ வீட்டுச் செலவுக்கு ஆகுற பணம் இப்போ பேங்க் டெபாசிட்ல இருக்கு. லைட்டு ஃபேன் அணைக்கிறது, நடந்தே போறது, ஆஃபர் பாத்து வாங்குறதுன்னு மிச்சம் பிடிச்சதை எல்லாம் நோட்டுல எழுதி வெக்கிறேன். மனைவி என்னைக் கஞ்சன்னு சொல்றா, நீ வீட்ல இருக்கியா இல்லையான்னே தெரியலன்னு தினம் சண்டை. 45-ல முடியுமா? பொண்ணுக்கு 6 வயசு, அவ படிப்பையும் பாக்கணும்.
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, முதல்ல கேள்விக்கு நேரா பதில் சொல்லிடுறேன். இப்போ போற மாதிரியே போனா 45-ல முடியாது. கோவப்படாதீங்க, கணக்கைப் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க. இதே கணக்குல 50-ல முடியறதுக்கு ஒரு வழி இருக்கு, அதையும் சொல்றேன்.

வேலையை விடணும்னா எவ்வளவு பணம் வேணும்னு கேக்குறவங்க எல்லாருமே ஒரு பெரிய தொகையை மனசுல வெச்சுக்கிட்டுதான் கேப்பாங்க. உண்மையில அந்தத் தொகை உங்க சம்பளத்தைப் பொறுத்தது இல்ல, உங்க வருஷச் செலவைப் பொறுத்தது. வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு சேர்த்தா போதும்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னா, வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-ல ஒரு கட்டுரை எழுதினாரு. 1926-லேர்ந்து அந்த நாட்டுப் பங்குச் சந்தையும் கடன் பத்திரமும் எப்படி ஏறி இறங்குச்சுன்னு எடுத்துப் பாத்து, முதல் வருஷம் மொத்தப் பணத்துல 4 சதவீதம் எடுத்து, அப்புறம் வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டி எடுத்தாலும் 30 வருஷத்துக்குப் பணம் தாங்கும்னு சொன்னாரு. 1998-ல டிரினிட்டி யுனிவர்சிட்டி பேராசிரியர்கள் மூணு பேரும் கிட்டத்தட்ட அதே மாதிரி முடிவுக்குதான் வந்தாங்க. 100-ஐ 4-ஆல வகுத்தா 25, அந்த 25 மடங்கு அங்கேர்ந்து வந்ததுதான்.

ஆனா இதுல 30 வருஷம்ங்கிற வார்த்தையை எல்லாரும் சாப்பிட்டுடுறாங்க. அது 65 வயசுல ரிட்டயர் ஆகி 95 வரைக்கும் இருக்கறவருக்குப் போட்ட கணக்கு. நீங்க 45-ல விட்டு 90 வரைக்கும் இருந்தா 45 வருஷம் ஓட்டணும். அதோட அது ஒரே ஒரு நாட்டுச் சந்தையோட பழைய கதை, அதுவும் நல்லா வளர்ந்த நாடு. அதனால சீக்கிரமா விட நினைக்கிறவங்க 30 மடங்காவது குறி வெக்கிறது நல்லதுன்னு நான் சொல்லுவேன், பயந்த சுபாவம்னா 33.

இப்போ உங்க கணக்குக்கு வருவோம். வருஷ வருமானம் 100, சேமிப்பு 25, அப்போ செலவு 75. கைல இருக்கறது மூணு வருஷச் செலவு, அதாவது 225. இந்தப் பணம் விலைவாசி ஏத்தம் போக வருஷத்துக்கு 5 சதவீதம் வளருதுன்னு தாராளமா வெச்சுக்குவோம். வருஷாவருஷம் சேமிக்கற 25-ஐயும் இதோட சேத்தா 11 வருஷம் கழிச்சு 740 வரும். 740-ஐ 75-ஆல வகுத்துப் பாருங்க, பத்து வருஷச் செலவு கூட முழுசா வரல. நமக்கு வேண்டியது முப்பது. அந்த 5 சதவீதமே பணம் முழுக்க டெபாசிட்ல தூங்குனா வராது. டெபாசிட் வட்டில வரியையும் விலைவாசியையும் கழிச்சா பல வருஷம் மிஞ்சுறது பூஜ்யம்தான், சில வருஷம் அதுக்கும் கீழ. பூஜ்யம்னு வெச்சுப் போட்டா 45 வயசுல உங்க கைல ஏழு வருஷச் செலவு கூட இருக்காது. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா பொருளோட விலை 12 வருஷத்துல ரெட்டிப்பாயிடும், 72-ஐ சதவீதத்தால வகுத்தா வர்றதுதான் அந்த வருஷக் கணக்கு. பணத்தை எங்க வெக்கிறீங்கங்கிறது எவ்வளவு சேமிக்கிறீங்கங்கிற அளவுக்கே முக்கியம். கட்டணம் கம்மியா இருக்கற, சந்தை முழுசையும் அப்படியே வாங்குற இண்டெக்ஸ் ஃபண்ட் மாதிரி ஒண்ணுல ஒரு பங்கை மாசாமாசம் போட்டு பத்து வருஷம் தொடாம இருக்க முடியுமான்னு யோசிங்க. நடுவுல பாதியா விழுந்தாக்கூட எடுக்காம இருக்கற நெஞ்சு இருந்தா மட்டும். பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன ஒரே கம்பெனி பங்குல போட்டீங்கன்னா எனக்கு எழுதாதீங்க.

சரி, சிக்கனம். நீங்க எழுதியிருக்கற லிஸ்ட்டை ரெண்டு தடவை படிச்சேன், அதுல ஒண்ணு கூட பெருசு இல்ல. 9 வாட் எல்இடி பல்பு 100 மணி நேரம் எரிஞ்சாலும் ஒரு யூனிட் கரண்ட் ஆகாது. 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்துல ஒரு யூனிட்டை முழுங்கிடும். நீங்க மனைவி உக்காந்திருக்கற ரூம்ல போய் லைட்டை அணைச்சு (செஞ்சிருப்பீங்க, எனக்குத் தெரியும்) சண்டையை வாங்கிக் கட்டிக்கிறீங்க, அந்தப் பக்கம் ஹீட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு நம்மாளுங்க சும்மா சொல்லல. குடியிருக்கற வீட்டுக்குப் போற பணம், வண்டிக்குப் போற பணம், கடனுக்குப் போற வட்டி, இந்த மூணும் நிறைய வீட்டுல பெரிய செலவு, உங்க நோட்டுல மூணையும் காணோம். கிரெடிட் கார்டு பாக்கி மாதிரி ஏதாவது இருந்தா சேமிப்பைப் பத்தி பேசறதுக்கு முன்னாடி அதை அடைங்க, அந்த வட்டி அளவுக்கு நிச்சயமா லாபம் தர்ற முதலீடு எதுவும் கிடையாது.

செலவைக் குறைக்கிறதுல ஒரு விசேஷம் இருக்கு, அது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். மாசம் 1 ரூபா செலவு நிரந்தரமா குறைஞ்சா, மாசம் 1 ரூபா சேமிப்பும் ஏறுது, நீங்க சேர்க்க வேண்டிய மொத்தத் தொகைல 360 ரூபாயும் குறையுது, ஏன்னா வருஷத்துக்கு 12, அதோட 30 மடங்கு. ஆனா அந்த நிரந்தரமாங்கிறதுதான் முக்கியம். ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு அடுத்த மாசம் ஆஃபர்ல வேண்டாத சாமான் வாங்கிக் குவிக்கிறதுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆஃபர் பாத்து வாங்குறதைச் சிக்கனம்னு எழுதியிருக்கீங்க, அதுல பாதி ஆஃபர் இல்லன்னா நீங்க வாங்கியே இருக்க மாட்டீங்க. அப்புறம் பல் வலி, கண்ணு, மெடிக்கல் இன்சூரன்ஸ், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. ஒரு ஆஸ்பத்திரி பில்லு உங்க மூணு வருஷத்தையும் காலி பண்ணிடும்.

அதனால மிச்சம் பிடிச்சதை எழுதுற நோட்டை மூடி வெச்சுட்டு, வீட்டுல மொத்தமா என்ன செலவாச்சுன்னு மூணு மாசம் எழுதுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற செலவையும் பன்னெண்டா வகுத்துச் சேத்துக்கணும், ஸ்கூல் ஃபீஸ், இன்சூரன்ஸ், வீட்டு ரிப்பேர் எல்லாம். நீங்க சொன்ன 75 அப்போ 75-ஆவே இருக்காது, அனேகமா கூடவேதான் இருக்கும்.

சைடு வேலையைப் பத்தி எனக்கு உங்ககிட்ட கொஞ்சம் கோவமே இருக்கு. தினம் மூணு மணி நேரம் உக்காந்து மொத்த வருமானத்துல 12 பங்குதான் வருது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க, வேலை தேடுற நேரம், பணத்துக்குக் காத்திருக்கற நேரம், திருத்திக் கொடுக்கற நேரம் எல்லாத்தையும் சேத்து. சர்வே முதல்ல அடிபடும், டேட்டா என்ட்ரி அடுத்து. அந்த வேலைல பத்து வருஷம் ஆனாலும் உங்களுக்கு ரேட்டு ஏறாது, மிஷின் வந்தா வேலையே இருக்காது. கணக்கு எழுதுற வேலை அப்படி இல்ல. அதுல அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும், ஒரு கடைக்காரர் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவாரு, வரித் தாக்கல் வரைக்கும் கத்துக்கிட்டா கேக்குற தொகையும் வேற. மத்த ரெண்டையும் இன்னிக்கே விட்டுட்டு இதை மட்டும் வாரத்துல மூணு நாள் வெச்சுக்கங்க, மிச்ச ராத்திரி வீட்டுல இருங்க. முன்பணம் கட்டுனா வீட்டுலேர்ந்தே வேலை தர்றோம்னு எவனாவது சொன்னா அவன் திருடன், அதுல யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஆபீஸ் வேலை ஒப்பந்தத்துல வெளிவேலை பாக்கக் கூடாதுன்னு இருக்கான்னும் படிச்சுப் பாத்துடுங்க, அந்த 12-க்காக 88-ஐ இழந்துடாதீங்க. அதே 88-ல சம்பள உயர்வு கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு? வேற கம்பெனில என்ன தர்றாங்கன்னு விசாரிச்சீங்களா? கடிதத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்ல.

இப்போ முன்னாடி சொன்ன வழி. 75 செலவை 60-க்கு கொண்டு வாங்க. வீட்டுலயோ வண்டிலயோ ஒண்ணுல கை வெக்காம இது நடக்காது. மத்த ரெண்டு வேலையை விட்டதுல குறையுறதைச் சம்பள உயர்வுலயோ கணக்கு வேலைலயோ ஈடு கட்டி வருமானம் 100-ஆவே நின்னா சேமிப்பு 40 ஆகும். அதே 5 சதவீத வளர்ச்சில 45-ல 953 இருக்கும், 16 வருஷச் செலவு, இன்னும் பத்தாது. 50 வயசுல 1437 இருக்கும், 24 வருஷச் செலவு. 30 இல்லையேன்னு பாக்காதீங்க. அந்தக் கணக்கு வேலை வருஷத்துக்கு 15 கொண்டு வந்தா, உங்க பணத்துலேர்ந்து எடுக்க வேண்டியது 45 மட்டும்தான், 1437 அதுக்கு 32 மடங்கு. 15-ங்கிறது நீங்க இப்போ மூணு சைடு வேலைலயும் சேத்து சம்பாதிக்கற 12-லேர்ந்து கொஞ்ச தூரம்தான். 45-லயே ஆபீஸை விடணும்னு பிடிவாதமா இருந்தா அதுக்கும் இதே கணக்குதான், ஆனா அப்போ செலவுல பாதி, அதாவது 30, கணக்கு வேலைலேர்ந்து வரணும். முடியாதுன்னு சொல்லல, அதை ரிட்டயர்மென்ட்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சின்ன வருமானத்துக்கு இன்னொரு பயனும் இருக்கு. வேலையை விட்ட முதல் சில வருஷத்துல சந்தை விழுந்தா அதுதான் பெரிய அடி, விழுந்த விலைக்கு வித்துத் தின்னா பின்னாடி சந்தை ஏறும்போது ஏறுறதுக்கு உங்ககிட்ட பங்கு இருக்காது. அந்த வருமானம் இருந்தா அப்போ அவ்வளவா விக்க வேண்டி வராது. அதே காரணத்துக்காக ரெண்டு வருஷச் செலவையும் டெபாசிட்ல தனியா வெச்சுக்கணும், டெபாசிட்டுக்கு அந்த வேலைதான் பொருத்தம்.

மனைவி விஷயம். அவங்க உங்களைக் கஞ்சன்னு சொல்றது பணத்தைப் பத்தி இல்லன்னு எனக்குத் தோணுது. 45-ல நீங்க ரிட்டயர் ஆவீங்க, சரி, அவங்க எதுலேர்ந்து ரிட்டயர் ஆவாங்க? அப்பவும் அடுப்படில அவங்கதானே நிக்கணும், கூடவே நாள் பூரா வீட்டுல நீங்க வேற. இந்தத் திட்டத்துல அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு கேட்டீங்களா? மூணு மாச மொத்தச் செலவுக் கணக்கை ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க, எதைக் குறைக்கலாம்னு அவங்க முதல்ல சொல்லட்டும், அவங்களுக்குன்னு கேள்வி கேக்காம செலவு பண்ண ஒரு தொகை ஒதுக்குங்க. எந்தப் பணம் எங்க இருக்கு, நாமினி யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அப்புறம் நீங்களும் ஒண்ணு யோசிங்க, வேலையே பிடிக்கலையா, இல்ல இந்த ஆபீஸ் பிடிக்கலையா? ஆபீஸ்தான் பிடிக்கலைன்னா 11 வருஷம் காத்திருக்க வேண்டாம், அடுத்த வருஷமே மாத்திக்கலாம். ஒரு மாசம் லீவு எடுத்து வீட்டுல இருந்து பாருங்க, ரெண்டாவது வாரம் என்ன பண்றீங்கன்னு பாத்தா தெரிஞ்சுடும்.

கடைசியா பொண்ணோட காலேஜ் படிப்பு. அது ஆயுசு பூரா வர்ற செலவு இல்லாததால 30 மடங்குக் கணக்குல வராது, தனி கணக்குல சேர்க்கணும், அவளுக்கு 15 வயசு ஆனதும் அந்தப் பணத்தைச் சந்தைலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வெளில எடுத்துப் பத்திரமான இடத்துக்கு மாத்திடணும். அவளுக்கு இப்போ 6, உங்களுக்கு 45 ஆகும்போது 17, காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய வருஷத்துலதான் சரியா சம்பளத்தை நிறுத்தலாம்னு இருக்கீங்க. உங்களுக்கு 50 ஆகும்போது அவளுக்கு 22.